கம்பளி மேல் விட்ட புழுக்கள்

ராஜம்மா அக்கா, ஆட்டு மயிரை உருட்டி நான் செய்த ஃபெல்ட் துணியை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினார். செத்த எலியை வாலைப் பிடித்து வெளியே கொண்டுபோய்ப் போடுவோமே, அப்படி.

"இதும் மேல நாலு புழுவ வுட்டுப் பாத்துடலாம். செத்துதுன்னா தெரிஞ்சுபூடும்" என்றார்.

என் வீட்டுக்காரர் மாதேஷ் என்னைப் பார்த்தார், தன் அண்ணியான அக்காவைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். வெயில் அப்போதுதான் கூரை விளிம்பைத் தாண்டி வாசலுக்கு இறங்கியிருந்தது. எங்களுக்குப் பின்னால் இருந்த புழு மனைக்குள், கிழக்குப் பக்கத்து அடுக்குகளில் பட்டுப்புழுக்கள் தலையைத் தூக்கி ஆட்டி, பச்சையாகக் கக்கிச் செத்துக்கொண்டிருந்தன. மேற்குப் பக்கத்துப் புழுக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் என் அறை. அங்கேதான் ஆட்டு மயிர் மூட்டை இருந்தது.

ரொட்டி தட்டும் வேலை

சில வாரங்களாக இந்தத் தொடரில் புழு வளர்ப்பைப் பற்றி எழுதிக்கொண்டு வருகிறேன். ஆட்டு மயிருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று இதுவரை சொல்லவில்லை.

எல்லாம் போனில் பார்த்த ஒரு வீடியோவில் தொடங்கியது. அதில் பேச்சே கிடையாது. அதனால்தான் எனக்குப் பிடித்தது. இரண்டு கைகள் மட்டும் தெரியும். ஆட்டு மயிரைப் பஞ்சு போலப் பிய்த்து, மெல்லிய பட்டுத் துணிமேல் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பும். சுடு சோப்புத் தண்ணீர் தெளிக்கும். ஒரு குழாயில் சுற்றி முன்னும் பின்னும் உருட்டும். பிரித்தால் மயிரும் பட்டும் சேர்ந்து ஒரே துணியாக இருக்கும். தறியும் இல்லை, ஊசியும் இல்லை.

நான் முதலில் எங்கள் வெள்ளாட்டு மயிரைத்தான் எடுத்தேன். ஆடு என்றால் ஆடுதானே என்று நினைத்தேன். ஒரு காலை முழுக்க உருட்டியும் மயிர் மயிராகவே இருந்தது. சோப்பு நுரை மட்டும் முழங்கை வரைக்கும் ஏறியது. செம்மறி மயிர்தான் ஒன்றையொன்று பிடிக்கும் என்று பிறகுதான் தெரிந்தது.

அறுவடைக்குப் பிறகு வயல்களில் செம்மறி ஆட்டுக் கிடை போட வரும் பீரப்பாவிடம் கேட்டேன். கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிறவர். விலை போகாத மயிரை ஒரு சாக்கில் அமுக்கிக் கொண்டுவந்து போட்டார்.

"தகோ அக்கா, எடுத்துக்கோங்க. கம்பளி நெய்யப் போறீங்களா? தறி எங்க?"

"தறி இல்லீங்க."

"தறி இல்லாத கம்பளியா? தலையில்லாத ஆடு மாதிரி" என்று சிரித்துக்கொண்டே போனார்.

பட்டுக்கு நான் வெளியே போகவில்லை. கூடு விற்கும் அங்காடியில் வேண்டாமென்று தள்ளிவிடும் கூடுகள் எங்கள் வீட்டிலேயே கிடந்தன. கறை படிந்தது, இரண்டு புழு சேர்ந்து கட்டிய இரட்டைக் கூடு. அவற்றைச் சலவை சோடா போட்டு வேகவைத்து, விரலால் விரித்து இழுத்தால் பாலாடை போல விரியும். மயிர் மேல் அதைப் பரப்பி உருட்டுவேன்.

உருட்ட எனக்குக் கிடைத்தது போர்வெல் போட்டபோது மிஞ்சிய பிளாஸ்டிக் குழாய். மேலே போர்த்தியது புழு மனையில் ஈ வராமல் கட்டும் நைலான் வலையின் கிழிந்த துண்டு. சோப்புத் தண்ணீர் தெளிக்க, மூடியில் ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டில்.

இதில் ஒன்று கற்றுக்கொண்டேன். பட்டு வழுக்கும். தானாக எதையும் பிடிக்காது. கம்பளி மயிர்தான் சூட்டிலும் சோப்பிலும் விரிந்து, கிடைத்ததை எல்லாம் பிடித்துக்கொள்ளும். பிடித்த பிறகு பிரிக்க முடியாது. கோணலாகப் போனாலும் அப்படியேதான் இருக்கும். என் முதல் துணி அப்படித்தான் ஒரு பக்கம் சுருங்கி, ஒரு பக்கம் தடித்து வந்தது.

நான் குழாயை உருட்டிக்கொண்டிருக்கும்போது ராஜம்மா அக்கா ஜன்னலில் எட்டிப் பார்ப்பார்.

"என்னாம்மே, இன்னைக்கும் ரொட்டியா? ஓசூர்ல ஓட்டல் வெக்கப் போறியா?"

எனக்கு உடனே பதில் வராது. சாயங்காலம் பாத்திரம் தேய்க்கும்போதுதான் நல்ல பதிலாக ஒன்று வரும். அதற்குள் அவர் தூங்கப் போயிருப்பார்.

பூ வைக்காத வீடு

ராஜம்மா அக்கா என் ஓரகத்தி. மாதேஷின் அண்ணன் இறந்த பிறகு, இருந்த நிலத்தில் மல்பெரி நட்டு, புழு மனை கட்டி, இரண்டு வீட்டுப் பிழைப்பையும் நிமிர்த்தியவர் அவர்தான். நாங்கள் கூட நின்று வேலை செய்தோம். யோசனை அவருடையது.

புழு வந்துவிட்டால் எங்கள் வீட்டில் எல்லாம் மாறிவிடும். ஊதுபத்தி கிடையாது. கொசுவத்தி கிடையாது. மூக்குப்பொடி போடுகிற சொந்தக்காரர்கள் வந்தால் வாசலோடு பேசி அனுப்பிவிடுவோம். நான் தலையில் மல்லிகை வைக்க மாட்டேன். அந்த வாசம்கூடப் புழுவுக்கு ஆகாது.

"இதுல ஒண்ணுல மட்டும் எனக்கு சௌரியம் பாரு. பூவ எடுக்கணும்னு யாரும் எங்கிட்ட சொல்ல வேண்டியதில்ல" என்று ஒருமுறை சொன்னார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். அவரே சிரித்துவிட்டார்.

ஆட்டு மயிருக்கு அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். அலசுவது, உருட்டுவது எல்லாம் புழு இல்லாத நாட்களில். புழு இருக்கும்போது மூட்டையைக் கட்டி மூலையில் போட்டுவிட வேண்டும். நான் அப்படியேதான் செய்தேன். வாசனை சோப்பை விட்டு, துணி துவைக்கும் சாதா பார் சோப்புக்கு மாறியதும் அவருக்காகத்தான்.

இதற்கு முந்தைய தடவை எங்கள் புழுக்கள் நோய் வந்து வெளுத்து, சுண்ணாம்புக் குச்சி போல விறைத்துப் போயின. கூடையில் அள்ளிக் குழியில் கொட்டினோம். அன்று அக்கா அழவில்லை. குழியை மூடிவிட்டு மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே மாதேஷிடம் சொன்னார்.

"இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா ஜேசிபிய வுட்டு செடிய எல்லாம் புடுங்கிடறன் தம்பி. நெலத்தத் தக்காளிக்காரனுக்கு வுட்டுட்டு நான் நூறு நாள் வேலைக்குப் போறன்."

சொன்னால் செய்கிறவர். அதனால் இந்தத் தடவை புழு வந்த நாளிலிருந்து நாங்கள் மூவரும் காலை ஊன்றாமல் நடந்துகொண்டிருந்தோம். கடைசிப் பருவம் வரை வந்துவிட்டது. இன்னும் இரண்டு மூன்று நாள் தின்றால் கூடு கட்டத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில்தான் கிழக்குப் பக்கம் சாவு விழுந்தது.

இரண்டு பக்கத்து இலை

அன்று விடிந்ததும் மல்பெரித் தண்டு அறுக்க இரண்டு பேர் போனார்கள். மாதேஷ் கிணற்றுப் பக்கம் அறுத்தார். அக்கா வேலியோரம் அறுத்தார். வேலிக்கு அந்தப் பக்கம் தக்காளித் தோட்டம். மாதேஷ் கொண்டுவந்ததை மேற்கு அடுக்குகளில் பரப்பினோம். அக்கா கொண்டுவந்ததைக் கிழக்கில் பரப்பினோம். கிணற்றுப் பக்கத்திலிருந்து அறுத்துவந்த இலை அத்துடன் தீர்ந்தது. மதியத்துக்கு மிச்சம் இருந்தது அக்காவின் கட்டுகள்தான். வாடாமல் இருக்க ஈரச் சாக்கு போட்டு மூடிவைத்தோம்.

புழுக்கள் தின்னும் சத்தத்தை மழைச் சத்தம் என்பார்கள். எனக்கு அது மாடு சோளத்தட்டை மெல்வது போலத்தான் கேட்கும். அன்று கிழக்கு மூலையில் அந்தச் சத்தம் நின்றிருந்தது. அக்காதான் முதலில் கவனித்தார்.

செத்ததைப் பார்த்ததும் அவர் சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பீரப்பனுக்குப் போன் போடு. ஆட்டுக்கு என்னா மருந்து போட்டான்னு கேளு."

ஸ்பீக்கரில் போட்டேன். என் குரல் அவருக்குக் கேட்கவில்லை. அக்காவே போனை வாங்கிக் கேட்டார்.

"உண்ணிக்கு மருந்துத் தண்ணியில முக்குவோம் அக்கா" என்றார் பீரப்பா.

"மயிரு கத்திரிக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"சில ஆடு முன்னாடி, சில ஆடு பின்னாடி. பெரிய மந்தை. நெனப்பு இல்ல அக்கா."

அக்கா போனை என் கையில் கொடுத்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

உண்ணியைக் கொல்லும் மருந்து புழுவைக் கொல்லாதா? அந்த நேரம் நானும் அப்படித்தான் நினைத்தேன். பல தடவை அலசிய மயிர்தான். இருந்தாலும், இவ்வளவு பெரிய சாவை என் அறையிலிருந்து நானே அனுப்பிவிட்டேனோ என்று தோன்றியது.

செத்த புழுக்களைப் பொறுக்கக் கிழக்கு அடுக்குக்குப் போனபோதுதான் இலையைப் பார்த்தேன். இலையின் மேல் காய்ந்த சொட்டுத் தடம் இருந்தது. கழுவித் துடைக்காமல் விட்ட சில்வர் டம்ளரில் வெள்ளையாக வளையம் படியுமே, அந்த மாதிரி. மேற்கே போய்ப் பார்த்தேன். அங்கே இலை சுத்தமாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேலியோரம் தக்காளி வைத்திருப்பவர்கள் மருந்து அடிப்பதற்கு முந்தின நாளே குரல் கொடுத்துவிடுவார்கள். "நாளைக்கு அடிக்கறோம், இந்தப் பக்கம் இலை எடுக்காதீங்க" என்று. கேட்டால் அந்தப் பக்கம் கொஞ்ச நாளைக்குப் போக மாட்டோம். இந்தத் தடவை எந்தக் குரலும் வரவில்லை. அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் வெளியூர்க்காரர். அவருக்கு எங்கள் வழக்கம் தெரிந்திருக்குமோ என்னவோ.

ஆனால் இதை எப்படிச் சொல்வது? அந்த இலையை அறுத்துக் கொண்டுவந்தவர் அக்கா. வேலியோரம் மோந்து பார்க்காமல் அறுக்காதே என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். என் மயிர் மூட்டைமேல் குற்றம் வந்து நிற்கிற நேரத்தில் நான் இலையைக் காட்டினால், தப்பிக்கப் பழி போடுகிறாள் என்றுதானே ஆகும்?

உள்ளேன் ஐயா

நான் பத்தாவது வரை படித்தேன். வகுப்பில் பெயர் கூப்பிடும்போது "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வேண்டும். நான் சொல்லுவேன். எனக்கு மட்டும்தான் கேட்கும். வாத்தியார் மூன்றாம் முறை கூப்பிட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். பக்கத்தில் உட்கார்ந்தவள், அவளுக்கு நல்ல நாளாக இருந்தால், எனக்காகக் கத்துவாள். அவள் வராத நாட்களில், முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தும் நான் வராதவள்தான்.

கல்யாணத்துக்குப் பிறகும் அப்படித்தான். பஸ்ஸில் இறங்கும் இடத்தைச் சொல்ல முடியாமல் மாரண்டஹள்ளி வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.

அதெல்லாம் என்னோடு போகிற நஷ்டம். யாருக்கும் கெடுதல் இல்லை. இந்த முறை அப்படி இல்லை. மதியம் இலை போடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. சாக்கின் கீழ் இருந்த கட்டுகளை மேற்கிலும் பரப்பிவிட்டால், சாயங்காலத்துக்குள் மனை முழுக்கச் சத்தம் நின்றுவிடும். அதோடு செடியும் போகும்.

முறம்

அக்கா ஒரு முறத்தைக் கொண்டுவந்து என் ஃபெல்ட் துணியை அதில் விரித்தார். பழுப்பு மயிரும் மேலே வெள்ளைப் பட்டு இழையுமாக நான் செய்ததில் அது ஒன்றுதான் சுமாராக வந்திருந்தது. மாதேஷ் மேற்கு அடுக்கிலிருந்து ஒரு கைப்பிடி நல்ல புழுக்களைக் கொண்டுவந்து அதன்மேல் விட்டார்.

"இலை போடணுமில்ல. இல்லைன்னா பட்டினியில செத்துதுன்னு சொல்லுவா" என்று சொல்லிக்கொண்டே அக்கா ஈரச் சாக்கைத் தூக்கினார். அவருடைய கை அந்தக் கட்டுக்குள் போனது.

அந்த இலையை வைத்தால் முறத்தில் இருக்கும் புழுக்கள் சாகும். கம்பளிமேல் சாகும். பார்த்தாயா என்பார். பிறகு அதே இலை மேற்கு அடுக்குகளுக்கும் போகும்.

"அக்கா" என்றேன்.

அவர் திரும்பவில்லை. காதில் விழவில்லை.

"அக்கா, அந்த இலை வேணாங்க."

கை நின்றது. "ஏன்?"

மாதேஷ் என்னைப் பார்த்தார். நான் பேசுவதையே இன்றுதான் பார்க்கிறவர் போல.

"கெணத்துப் பக்கத்து இலைய இதுல போடலாங்க. இந்த இலைய வேற மொறத்துல போட்டு, அதுலயும் நாலு புழுவ வுடலாம். ரெண்டையும் பாக்கலாங்க."

அக்கா நிமிர்ந்தார். அவர் முகம் மெதுவாகச் சிவந்தது.

"நான் அறுத்தாந்த இலையில கொறையா?"

"எனக்குத் தெரியலீங்க. என் கம்பளியாகூட இருக்கலாம். ரெண்டையும் பாக்கலாங்க."

"புழு வளத்த கைக்கு நீ பரிச்ச வெக்கறியா?"

அடுக்களைக்குப் போய் என் முறத்தை எடுத்துவந்து, பேப்பர் விரித்து, அவருடைய கட்டிலிருந்து ஒரு கொத்து இலையைக் கிள்ளிப் போட்டேன். மாதேஷ் இன்னொரு கைப்பிடி புழுவை அதில் விட்டார். கிணற்றுப் பக்கம் போய் ஒரு தண்டை அறுத்துவந்து கம்பளி முறத்தில் வைத்தார்.

காத்திருந்தது

மூன்று பேரும் வாசலில் உட்கார்ந்தோம். நடுவில் இரண்டு முறம்.

கம்பளிமேல் விட்ட புழுக்கள் நகரவே இல்லை. மயிர் அவற்றின் காலில் சிக்கியிருந்தது. பேப்பர் முறத்துப் புழுக்கள் உடனே இலைமேல் ஏறித் தின்னத் தொடங்கின. அக்கா அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பேச வேண்டிய அவசியமே இல்லாத பார்வை.

கம்பளிமேல் ஒரு புழு தலையைத் தூக்கியது. இப்படியும் அப்படியும் ஆட்டியது. கிழக்கில் செத்தவையும் இப்படித்தான் தூக்கின.

"ஆரம்பிச்சிடுச்சு" என்றார் அக்கா.

உள்ளே மேற்கு அடுக்கில் இலை தீர்ந்து, புழுக்கள் வெறும் குச்சிமேல் ஊர ஆரம்பித்தன.

"பசிக்குதுங்க அண்ணி. கெணத்துப் பக்கம் இன்னும் ரெண்டு கட்டு அறுத்துட்டு வரட்டுமா?" என்று மாதேஷ் எழுந்தார்.

"அங்க இருக்கறத இன்னைக்கே அறுத்துட்டா நாளைக்கு என்னாத்தப் போடுவ? உக்காரு தம்பி. தெரியட்டும்."

அவர் உட்கார்ந்தார். நான் அந்த ஒரு புழுவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது. பிறகு முன்னால் சாய்ந்து, இலை விளிம்பைத் தொட்டது. தொட்டபடி கொஞ்ச நேரம் இருந்தது. அப்புறம் விளிம்பில் அரை நெல் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்தது.

தின்கிறது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் மற்றதும்.

வெயில் எங்கள் கால் வரைக்கும் வந்தது. அக்காதான் முதலில் குனிந்தார், பேப்பர் முறத்தின் மேல். அதிலிருந்த புழுக்கள் தின்பதை நிறுத்தியிருந்தன. ஒன்று உடம்பை முறுக்கியது. இன்னொன்றின் வாயில் பச்சைத் துளி நின்றது.

அக்கா அந்த இலையை எடுத்து மோந்து பார்த்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அந்த வெள்ளைத் தடத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

பிறகு எழுந்து, சாக்கை விலக்கி, மூடிவைத்த கட்டுகளைத் தாமே தலையில் தூக்கிக்கொண்டு போய்க் குழியில் போட்டு மண்ணைத் தள்ளினார். நான் கூடப் போனேன். "ஆட்டுக்குக்கூடப் போட்டுடாத" என்று மட்டும் சொன்னார். மாதேஷ் அரிவாளோடு கிணற்றுப் பக்கம் ஓடினார்.

கிழக்குப் பக்கத்தில் ஏறக்குறைய எல்லாம் போயிற்று. நாங்கள் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. அவ்வளவு வாய் குறைந்துபோனதால்தான் கிணற்றுப் பக்கத்து இலை கடைசிவரை மீதிப் புழுக்களுக்குப் போதும்படி ஆனது. அதை எங்களில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கம்பளி முறம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. வெளியே எடுத்த புழுவை மறுபடி மனைக்குள் சேர்க்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. கோழிக்குப் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டால் அன்று நடந்ததைப் பேச வேண்டிவரும். அவரும் பேசவில்லை. மேற்குப் புழுக்கள் பழுத்து மஞ்சளாகி, கூடு கட்டி முடித்தன. செடி நின்றது.

கூடுகளை அங்காடிக்கு அனுப்பிவிட்டு மனையைக் கழுவிக்கொண்டிருந்த நாளில், அக்கா தன் வீட்டு உள்ளறையிலிருந்து அந்தக் கம்பளி முறத்தை எடுத்துக்கொண்டு வந்தார். ஓரத்தில் கிணற்றுப் பக்கத்துத் தண்டுகள் காய்ந்து கிடந்தன. ஒரு நாள் போட்ட தண்டு அல்ல, பல நாள் போட்ட தண்டு. அந்தப் புழுக்கள் சுற்றிக் கட்ட மூலை கிடைக்காமல், துணி முழுக்கத் தட்டையாகப் பட்டு இழைத்து வைத்திருந்தன.

"இந்தா, உன் ரொட்டி. நெய் தடவியே குடுத்திருக்குதுங்க" என்று என் மடியில் போட்டார். போகிற போக்கில், "அந்த ஆட்டு மயிரு மூட்டைய மாட்டுக் கொட்டாய்க்கு மாத்திடு. அடுத்த புழு வர்றதுக்குள்ள" என்றார்.

பட்டு தானாக எதையும் பிடிக்காது என்று முன்னால் எழுதினேன். புழுவின் வாயிலிருந்து ஈரமாக வந்த இந்தப் பட்டு மயிரோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்தேன். வரவில்லை.

"என்னாம்மே, மாத்துறியா இல்லியா?" அக்கா கிணற்றடியிலிருந்து கேட்டார்.

"மாத்தறங்க்கா" என்றேன்.

"காதுல வுழல."

"மாத்தறங்க்கா" என்று வேலிக்கு அந்தப் பக்கம் தக்காளி பறித்துக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்து பார்க்கும்படி சொன்னேன்.